மருந்துக்கு மசியாத புழு

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டியதும் அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு என்று அடுத்தடுத்து இரண்டு நிலையங்கள் வரும். சன்னலுக்கு வெளியே வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், உயர் அழுத்த மின்கம்பிகள், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். இவற்றுக்கு நடுவே, தண்டவாளச் சரிவிலும் கொசஸ்தலையாற்றின் ஓரத்திலும், பச்சை தெரியும் இடத்திலெல்லாம் ஆடுகள். தொழிற்சாலைகள் வந்தபிறகு மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஆடு வைத்திருப்பவர்கள் ஆட்டை விடவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் ஒரு கிடாயை ஓட்டிக்கொண்டுபோய் விற்றால் கையில் காசு.

மழைக்காலம் முடிந்த கையோடு எந்த ஊர்க் கால்நடை மருந்தகத்தில் போய் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

“போன மாசம்தான் பூச்சி மருந்து ஊத்தினேன் டாக்டர். மறுபடியும் தாடை வீங்கிக் கிடக்குது, மேயவே மாட்டேங்குது.”

மருத்துவர் ஆட்டின் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்ப்பார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெள்ளைத் தாளாக வெளுத்திருக்கும். “ஆட்டை எடை போட்டு ஊத்தினீங்களாம்மா?” என்று கேட்பார். எடையா? கண்ணால் பார்த்து ஒரு மூடி ஊற்றியதுதான்.

மருந்து போலி என்று சிலர் சொல்வார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். சில நேரம் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மருந்து நல்ல மருந்தாகவே இருந்து, அது போய்ச் சேரும் இடத்தில் புழு தன்னை மாற்றிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த மாற்றத்தின் அளவு ஒரே ஓர் ஆக்ஸிஜன் அணு. அது ஆட்டோடு நின்றுவிடும் சங்கதியும் இல்லை. பள்ளியில் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற குடற்புழு மாத்திரையும் இதே மருந்துதான்.

இரைப்பைக்குள் ஒரு முறுக்குக் கயிறு

ஆட்டுக்கு வரும் உருண்டைப்புழுக்களில் மிகக் கொடியது ஹீமாங்கஸ் கன்டார்டஸ். ஆட்டின் நான்கு அறை வயிற்றில் நான்காவது அறைதான் இதன் வீடு. பெண் புழு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைநிறச் சினைப்பைகள் பின்னிக் கிடப்பதால், சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கிய கயிறு போலத் தெரியும். வாயில் சிறு ஈட்டி ஒன்று உண்டு. அதனால் இரைப்பைச் சுவரைக் கீறி, கசியும் ரத்தத்தைக் குடிக்கும்.

ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது 0.05 மில்லிலிட்டர், அதாவது ஒரு துளி. ஆனால் ஓர் ஆட்டுக்குள் ஆயிரம் புழுக்கள் இருப்பது அதிசயம் இல்லை. அப்படியானால் நாளொன்றுக்கு 50 மில்லி. இருபது கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் ரத்தம்தான். ஒரு மாதத்துக்குள் தன் ரத்தம் முழுவதற்கும் ஈடான அளவை அந்த ஆடு புழுவுக்குக் கொடுத்துவிடுகிறது. ரத்தத்தோடு அல்புமின் என்ற புரதமும் போய்விடுவதால் நீர் ரத்தக்குழாய்க்குள் தங்காமல் வெளியே கசிந்து, தாழ்வான இடத்தில் தேங்கும். குனிந்து மேயும் ஆட்டுக்குத் தாழ்வான இடம் தாடை. தாடை வீக்கத்தின் கதை இதுதான். மற்றப் புழுக்களைப் போல இது பெரும்பாலும் கழிச்சலால் தன்னைக் காட்டிக்கொடுப்பதும் இல்லை. புழுக்கை கெட்டியாகவே விழும். நோய் தெரியும்போது ஆடு சோகையில் படுத்திருக்கும்.

பெண் புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை இடும். புழுக்கையோடு மண்ணில் விழும் முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் பொரியும். ஒரு வாரத்துக்குள் மூன்றாம் பருவ இளம்புழு ஆகிவிடும். நம் கடற்கரைப் பகுதியில் வெதுவெதுப்புக்கு ஆண்டு முழுவதும் குறைவில்லை. ஈரம் மட்டும்தான் வேண்டும், அதை ஐப்பசி மழை கொடுத்துவிடுகிறது. இந்த மூன்றாம் பருவப் புழு, முந்தைய பருவத்தின் தோலை உரிக்காமல் அதையே உறையாகப் போர்த்திக்கொண்டிருக்கும். உறை வாயை மூடியிருப்பதால் எதையும் தின்ன முடியாது. உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டு, பனி படர்ந்த புல்லில் ஈரத்தின் மேல் நெளிந்து ஏறிக் காத்திருக்கும். “பனி காய்ந்த பிறகு ஆட்டை அவிழ்” என்று பெரியவர்கள் சொன்னதில் நுண்ணோக்கி இல்லாமல் கண்ட விஞ்ஞானம் இருக்கிறது.

புல்லோடு உள்ளே போன புழு, முதல் வயிற்றில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை உணர்ந்ததும் உறையைக் கழற்றும். வீடு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மூன்று வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும்.

மருந்து எங்கே அடிக்கிறது?

அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் ஆகியவை பென்சிமிடசோல் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான தயாபெண்டசோல் 1961-இல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் தாமிர உப்பும் நிக்கோட்டினும் கொடுத்துப் புழு நீக்கிய காலம். புழுவும் போகும், சில நேரம் ஆடும் போகும். புழுவை மட்டும் பார்த்து அடிக்கும் மருந்து கிடைத்தது பெரிய வரம்.

அது எப்படி ஆட்டை விட்டுவிட்டுப் புழுவை மட்டும் அடிக்கிறது? உயிரணு ஒவ்வொன்றுக்குள்ளும் நுண்குழல்கள் என்ற மெல்லிய குழாய்கள் உண்டு. வீட்டுக்குச் சாரம் கட்டுவது போல அவை உயிரணுவுக்கு வடிவம் தரும். சரக்கு ஏற்றிப்போகும் தண்டவாளமும் அவையே. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் செங்கல் செங்கலாக அடுக்கப்பட்டு இந்தக் குழல் எழுகிறது. ஒரு முனையில் செங்கல் சேர்ந்துகொண்டும் மறுமுனையில் கழன்றுகொண்டும் இருக்கும். மருந்து, பீட்டா டியூபுலின் என்ற செங்கல்லில் உள்ள ஒரு சிறு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மருந்து உட்கார்ந்த செங்கல்லின் மேல் அடுத்த செங்கல் சரியாக அமர்வதில்லை. சேர்வது நின்று கழல்வது மட்டும் தொடர, குழல் கரைந்துபோகிறது. புழுவின் குடல் உயிரணுக்களில் சரக்குப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் புழு பட்டினியில் சாகிறது. மருந்து ஊற்றிய மறுநிமிடமே புழு விழாமல் ஓரிரண்டு நாள் எடுப்பது இதனால்தான்.

ஆட்டின் உடம்பிலும் டியூபுலின் இருக்கிறது, நம் உடம்பிலும் இருக்கிறது. ஆனால் நம் டியூபுலினில் இந்த மருந்து அவ்வளவு இறுக்கமாக ஒட்டுவதில்லை. புழுவின் செங்கல்லுக்கும் நம் செங்கல்லுக்கும் இடையே உள்ள சின்ன வேறுபாட்டில்தான் மருந்தின் வெற்றி முழுவதும் தொங்குகிறது.

எங்கே அந்த வேறுபாடு? புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. பீட்டா டியூபுலின் மாலையில் 200-ஆவது மணி, புழுவில் ஃபினைலாலனைன். ஆட்டிலும் மனிதனிலும் அதே இடத்தில் இருப்பது டைரோசின். இரண்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். ஃபினைலாலனைனோடு ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் சேர்த்தால் டைரோசின்.

ஓர் எழுத்துப் பிழை

இனி மருந்துக்கு மசியாத புழுவைப் பார்ப்போம். டி.என்.ஏ.வில் மூன்று எழுத்து சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். 200-ஆவது இடத்தில் புழுவுக்கு எழுதியிருப்பது டி-டி-சி, அதாவது ஃபினைலாலனைன். எதிர்ப்புத் திறன் உள்ள புழுவில் நடு எழுத்து மாறி டி-ஏ-சி என்று ஆகியிருக்கும். அது டைரோசின். புழுவின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 28 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றில் ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து அமரும் பள்ளம் கெட்டுவிடுகிறது.

இன்னொரு விதமாகச் சொன்னால், அந்த ஓர் இடத்தில் புழு ஆட்டைப் போல ஆகிவிட்டது. எந்த வேறுபாட்டை நம்பி மருந்து செய்தோமோ அதையே புழு அழித்துவிட்டது. புழு யோசித்துச் செய்ததாக நினைக்க வேண்டாம். ஓர் ஆட்டுக்குள் ஆயிரம் பெண் புழுக்கள், ஒவ்வொன்றும் ஐயாயிரம் முட்டை என்றால், ஒரே நாளில் ஐம்பது லட்சம் முட்டைகள். டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது பிழை நேர்வது மிக அரிது. ஆனால் இத்தனை படிகளில், இத்தனை ஆடுகளில், எந்தப் பிழையும் எங்கோ ஒருமுறை நேர்ந்தே தீரும். மருந்து இல்லாத உலகில் அந்தப் பிழை கூட்டத்தோடு கூட்டமாகக் கிடந்திருக்கும். நாம் மருந்து ஊற்றினோம். மற்றவை செத்தன, அது மட்டும் மிஞ்சியது.

200-ஐப் போலவே 198, 167 ஆகிய இடங்களும் ஆபத்தானவை. 198-இல் ஜி-ஏ-ஏ என்பது ஜி-சி-ஏ ஆனால், குளுட்டமிக் அமிலம் போய் அலனைன் வருகிறது. மருந்துக்குப் பிடிமானம் போய்விடுகிறது. விவசாயிகள் பயிருக்கு அடிக்கும் கார்பன்டசிம் பூஞ்சைக்கொல்லியும் இதே பென்சிமிடசோல் குடும்பம்தான். அதைத் தாங்கிக்கொள்ளும் பூஞ்சைகளில் எழுத்து மாறியிருக்கும் இடங்களைப் பார்த்தால், அங்கும் 198, 200. பயிரில் பூஞ்சையும் ஆட்டில் புழுவும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே விடையை எழுதியிருக்கின்றன.

புழுவின் இந்த எழுத்துப் பிழையைக் கண்டறிந்ததில் நெதர்லாந்து விஞ்ஞானிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1994-இல் 200-ஆவது இடத்து மாற்றத்துக்கும் எதிர்ப்புக்கும் தொடர்பு இருப்பதை அவர்கள் காட்டினார்கள். தொடர்பு என்பது காரணம் ஆகிவிடுமா? அதைச் சோதிக்க சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற, மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் புழுவின் உதவியை நாடினார்கள். சிட்னி பிரென்னர் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த அந்தப் புழு, ஹீமாங்கஸுக்குத் தூரத்து உறவு. மருந்தைத் தாங்கும் எலிகன்ஸ் புழுவுக்குள் ஹீமாங்கஸின் இயல்பான டியூபுலின் மரபணுவைச் செலுத்தியபோது அது மருந்துக்கு மடங்கியது. 200-இல் எழுத்து மாறிய மரபணுவைச் செலுத்தியபோது மடங்கவில்லை. குற்றவாளி யார் என்பது உறுதியாயிற்று.

தென்னிந்தியாவில் எப்படிப் பரவியது?

தயாபெண்டசோல் வந்த மூன்றே ஆண்டில், 1964-இல், அமெரிக்க ஆடுகளில் ஹீமாங்கஸ் அதற்கு மசியவில்லை என்று செய்தி வந்துவிட்டது. நம் பக்கம் என்ன நிலை? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உமர் சௌத்ரி, எலிசபெத் ரெட்மன், ஜான் கில்லியர்ட் ஆகியோரும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். இராமனும் இணைந்து செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. தென்னிந்தியாவில் செம்மறி, வெள்ளாடுகளிலிருந்து எடுத்த 23 ஹீமாங்கஸ் கூட்டங்களின் டியூபுலின் மரபணுவை அவர்கள் படித்தார்கள்.

23-இல் 18 கூட்டங்களில் 200-ஆவது இடம் மாறியிருந்தது. சில கூட்டங்களில் அந்த மாற்றம் பத்தில் ஒன்று அளவு. சிலவற்றில் பத்தில் எட்டுக்கும் மேல். 8 கூட்டங்களில் 198-ஆவது இடம் மாறியிருந்தது. 167-இல் மாற்றம் எங்கும் இல்லை.

எண்ணிக்கையைவிட, அந்த மாற்றம் எங்கே பிறந்தது என்பதில்தான் சுவாரசியம். மரபணுவில் பிழை நேர்ந்த எழுத்தைச் சுற்றிலும் உள்ள எழுத்துகளைப் பார்த்தால், அது எந்தக் குடும்பத்தில் தோன்றியது என்று சொல்லிவிடலாம். ஒருவர் பேச்சை வைத்து அவர் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது போல. 200-ஆவது இடத்து மாற்றம் குறைந்தது மூன்று தனித்தனிக் குடும்பங்களில் தோன்றியிருந்தது. ஆனால் 198-ஆவது இடத்து மாற்றம் எங்கே கண்டாலும் அதைச் சுற்றியுள்ள எழுத்துகள் ஒன்றுபோலவே இருந்தன. அதாவது எங்கோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு புழுவில் ஒரே ஒரு முறை நேர்ந்த பிழை, எட்டு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

புழு நடந்து போகுமா? இளம்புழு புல்லில் சில சென்டிமீட்டர் ஏறும், அவ்வளவே. ஊர் விட்டு ஊர் போவது ஆடு. ஆட்டை ஏற்றிப்போவது நாம். அத்திப்பட்டிலிருந்து வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகப் போனால் ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாட்டு எல்லை முடிகிறது. அதற்கு அப்பால் நெல்லூர்ச் செம்மறியின் நாடு. இந்தப் பக்கம் திருவள்ளூர், காஞ்சிபுரம் வட்டாரத்துக்கே உரிய மெட்ராஸ் சிவப்புச் செம்மறி. சென்னைக்கு இறைச்சிக்காக ஆடு ஏற்றிவரும் வண்டிகள் தேசிய நெடுஞ்சாலையில் ஓடுகின்றன. வாரச் சந்தையில் ஆடு கைமாறுகிறது. கைமாறும் ஆட்டோடு அதன் வயிற்றுக்குள் இருக்கும் புழுவும் கைமாறுகிறது. அந்த ஆய்வில் ஊருக்கு ஊர் புழுக்கூட்டங்களின் மரபு வேறுபாடு மிக மிகக் குறைவாகவே இருந்தது. செம்மறிப் புழு, வெள்ளாட்டுப் புழு என்ற பிரிவும் இல்லை. புழுவின் பார்வையில் தென்னிந்தியா முழுவதும் ஒரே மந்தை.

விட்டுவைக்கும் புழுவின் பயன்

இந்த எதிர்ப்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என இரண்டு படியும் மாறியிருந்தால்தான் புழு மருந்தை முழுமையாகத் தாங்கும். ஒரு படி மட்டும் மாறிய புழு சரியான அளவு மருந்தில் செத்துவிடும். இந்தச் சின்ன விதிக்குள் தீர்வின் நூல்முனை இருக்கிறது.

எதிர்ப்புள்ள ஆண் புழுவுக்கு எதிர்ப்பில்லாத பெண் புழு துணையாகக் கிடைத்தால், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஒரு படி மட்டுமே மாறியிருக்கும். மருந்து அவற்றைக் கொன்றுவிடும். எதிர்ப்புள்ளவை தங்களுக்குள் மட்டுமே இணைந்தால் பிள்ளைகள் அத்தனையும் எதிர்ப்பாளர்கள். ஆகவே மருந்தின் ஆயுள் நீள வேண்டுமானால் மருந்தைச் சந்திக்காத சாதாரணப் புழுக்கள் மேய்ச்சல் நிலத்திலும் சில ஆடுகளின் வயிற்றிலும் மிஞ்சி இருக்க வேண்டும். அடைக்கலம் பெற்ற புழுக்கள் என்று இவற்றைச் சொல்லலாம். கேட்க விபரீதமாக இருக்கும்: எல்லாப் புழுவையும் கொல்ல நினைப்பவர், கொல்ல முடியாத புழுவை வளர்க்கிறார்.

சித்திரை வெயிலில் புல் கருகி, தரையில் இளம்புழுக்கள் செத்துக் கிடக்கும் நேரத்தில் மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றுவதை எடுத்துக்கொள்வோம். வெளியே அடைக்கலப் புழு இல்லை. உள்ளே மருந்தைத் தாங்கியவை மட்டும் மிச்சம். ஆடியில் பெய்யும் முதல் மழையில் புல்லில் ஏறுவது முழுக்க அவற்றின் பிள்ளைகள்.

அதனால்தான் தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்ற முறை உருவானது. கையில் ஒரு வண்ண அட்டை. சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து படிகள். ஆட்டின் கீழ் இமையை இழுத்து அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. புழுக்கள் எல்லா ஆட்டிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. மந்தையில் சில ஆடுகள்தான் பெரும்பாலான புழுவைச் சுமக்கும். அவற்றுக்கு ஊற்றினால் போதும். நல்ல நிலையில் உள்ள ஆடுகளின் புழுக்கள் அடைக்கலமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

எடை போடாமல் குறைத்து ஊற்றுவது இன்னொரு பெரிய தவறு. ஒரு படி மாறிய புழுக்கள் குறைந்த மருந்தில் தப்பிவிடும். பிறகு அவை தங்களுக்குள் இணைந்து, இரு படியும் மாறிய பிள்ளைகளைப் பெறும். அதிலும் வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்தைச் செம்மறியைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றும். செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. இது தெரியாமல் ஒரே மூடியில் இரண்டுக்கும் ஊற்றியதற்கான விலையை நாடு முழுவதும் வெள்ளாடுகள் கொடுக்கின்றன.

வேறு மருந்துக்கு மாறினால் என்ன என்று கேட்கலாம். மாறலாம். ஐவர்மெக்டின், லெவாமிசோல், குளோசான்டெல் என்று வேறு வேறு கதவுகளைத் தட்டும் மருந்துகள் உண்டு. மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து பிறந்த ஐவர்மெக்டின், அதைக் கண்டறிந்த சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் மசியாத ஹீமாங்கஸ் ஏற்கெனவே உலகில் இருக்கிறது. 2014-இல் ஆஸ்திரேலியாவில் தடுப்பூசி ஒன்று வந்தது. ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. புழுவின் குடல் சுவரிலுள்ள புரதங்களுக்கு எதிராக ஆட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். ரத்தம் குடிக்கும் புழு அதையும் சேர்த்துக் குடித்துக் கெடும். அருமையான உத்தி. ஆனால் அந்தப் புரதங்களின் மேல் புழு ஒட்டிவைக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை ஆய்வகத்தில் அப்படியே நகலெடுக்க முடியவில்லை. அதனால் ஆட்டில் புழுவை வளர்த்து, அந்தப் புழுவிலிருந்துதான் தடுப்பூசிக்கான புரதத்தை எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆடு, நாய், பிள்ளை

பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். 2015-இல் தொடங்கியது. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளின் குடலில் வாழும் கொக்கிப்புழு, ஹீமாங்கஸின் நெருங்கிய சொந்தம். அதே வரிசை, அதே ரத்தம் குடிக்கும் தொழில், அதே பீட்டா டியூபுலின், அதே 200-ஆவது இடம். புல்லில் ஏறி வாய்வழி போவதற்குப் பதிலாக, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது என்பதுதான் வேறுபாடு.

ஆட்டில் நடந்தது மனிதக் கொக்கிப்புழுவில் வேரூன்றிவிட்டதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனால் இடையில் நிற்பது நாய். அமெரிக்காவில் பந்தய நாய்களுக்கு ஓயாமல் புழு மருந்து கொடுத்ததில், நாய்க் கொக்கிப்புழுவில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்தைத் தாங்கும் வகை உருவாகி, வீட்டு நாய்களுக்கும் பரவிவிட்டது. அந்தப் புழுவின் டியூபுலினில் 167-ஆவது இடம் மாறியிருந்தது. 134-ஆவது இடத்திலும் ஒரு புதிய மாற்றத்தை 2023-இல் கண்டார்கள்.

நாய்ப் புழு நமக்கென்ன? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலையில் மனிதர்கள், நாய்கள், மண் மூன்றிலும் கொக்கிப்புழுவின் டி.என்.ஏ.வைத் தேடி, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். மனிதர்களிடம் இருந்தது பெரும்பாலும் நெகேட்டர் என்ற மனிதக் கொக்கிப்புழுதான். ஆனால் நாய்க்கு உரிய புழுவின் டி.என்.ஏ.வும் சிலரிடம் தென்பட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தப் புழுக்களின் முட்டைகள் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருக்கும். எழுத்தைப் படித்தால்தான் எது எவருடையது என்று தெரியும்.

அதே கல்லூரி, திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் 2017-இல் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் அதே சோதனை நடந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதற்குப் பதிலாக, ஊரில் உள்ள எல்லாருக்கும் ஆண்டுக்கு இருமுறை வீதம் மூன்று ஆண்டுகள் மாத்திரை கொடுத்தால் புழுவின் பரவலையே அறுத்துவிட முடியுமா என்பது கேள்வி. பொதுச் சுகாதாரத்தின் பார்வையில் நியாயமான கேள்வி. பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால், கழனியில் வெறுங்காலோடு நிற்கும் அப்பாவின் குடலிலிருந்து புழு மறுபடியும் மண்ணுக்கு வந்துவிடும்.

இங்கேதான் கால்நடை மருத்துவரும் மனித மருத்துவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். சில ஆடுகளை விட்டுவையுங்கள், அடைக்கலம் வேண்டும் என்கிறார் அவர். எல்லாருக்கும் கொடுங்கள், ஒருவரையும் விடாதீர்கள் என்கிறார் இவர். இரண்டு பேரும் அவரவர் இடத்தில் சரி. ஆட்டைப் புழுவோடு விட்டுவைக்கலாம். சோகை பிடித்த பெண் குழந்தையை மருந்தின் ஆயுளுக்காக விட்டுவைக்க எந்த மருத்துவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆகவே மனிதர்கள் விஷயத்தில் மருந்தை மட்டும் நம்பியிருக்க வழியில்லை. மருந்தால் குறைந்த புழு மறுபடியும் மண்ணுக்குப் போகாமல் கழிப்பறை தடுக்க வேண்டும். மண்ணிலிருந்து காலுக்கு ஏறாமல் செருப்பு தடுக்க வேண்டும். மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று எழுத்தைப் படித்துக் கண்காணித்துக்கொண்டும் இருக்க வேண்டும். ஆட்டில் அந்தக் கண்காணிப்பு தாமதமாகத்தான் தொடங்கியது. முதல் எச்சரிக்கை 1964-இல் வந்தது. எழுத்தைப் படிக்க 1994 ஆயிற்று.

இப்போது படிப்பது எளிது. ஒரு பட்டியில் சேகரித்த புழுக்கையிலிருந்து இளம்புழுக்களைப் பொரிக்கவைத்து, மொத்தமாக அவற்றின் டி.என்.ஏ.வை எடுத்து, டியூபுலின் பகுதியை மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்கிப் படித்தால், நூற்றுக்கு எத்தனை புழு மசியாத புழு என்று ஒரே சோதனையில் தெரிந்துவிடும். அத்திப்பட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், மாதவரத்தில், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த அறிவு தண்டவாளச் சரிவில் மேயும் ஆடு வரை வர வேண்டும் என்பதுதான் கேட்பதற்கு உள்ள ஒரே கோரிக்கை.

அது வரும்வரை ஆடு வைத்திருப்பவர் கையிலேயே சில காரியங்கள் உண்டு. மருந்து ஊற்றும் முன் ஆட்டை எடை போடுங்கள். தராசு இல்லையென்றால் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் தனித்தனி அளவைக் கேட்டு வாங்குங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை உடனே மந்தையில் சேர்க்காமல், மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சேருங்கள். இமை சிவந்த ஆட்டுக்கு வெறும் பழக்கத்துக்காக மருந்து ஊற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து ஊற்றும் அன்றும், பதினான்கு நாள் கழித்தும் ஒரு கைப்பிடிப் புழுக்கையை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் முட்டையை எண்ணச் சொல்லுங்கள். முட்டை எண்ணிக்கை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது குறைந்திருந்தால் மருந்து இன்னும் உங்கள் பக்கம். குறையவில்லை என்றால், கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் மருத்துவரிடம் மருந்தை மாற்றிக் கேளுங்கள்.